களியும் பீட்சாவும்

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் சாலை வழியே இரமணாசிரமத்தை நோக்கி நடப்பவர்களுக்கு ஒரு புறம் மலை துணை வரும். வழி நெடுகக் கடைகளின் பெயர்ப்பலகைகள் துணை வரும். பூக்கடை, பழக்கடை, தேநீர்க் கடை, உருத்திராட்ச மாலை விற்கும் கடை என்று நீளும் அந்த வரிசையில், பீட்சா, பாஸ்தா என்னும் இத்தாலிய நாட்டு உணவுகளின் பெயர்களும் இன்று இடம்பெற்றிருக்கின்றன. கோவில் நகரில் இவை எப்படி வந்தன என்று வியக்க வேண்டியதில்லை. 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று இவ்வூரில் வந்திறங்கிய பதினாறு வயது இளைஞர் ஒருவர், பின்னாளில் இரமண மகரிஷியாக உலகறிய விளங்கினார். அவரைத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மக்கள் வந்தனர். 1950-இல் அவர் மறைந்த பின்னும் வந்துகொண்டே இருக்கின்றனர். வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினர். தங்கியவர்களுக்குத் தங்கள் ஊர் உணவின் நினைவு வந்தது. நினைவு வந்த இடத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது.

தொடக்கத்தில் வெளிநாட்டாருக்கென்றே இருந்த அக்கடைகளில் இப்போது நம்மவர்களும் அமர்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது பெற்றோரை அழைத்துச் செல்கிறார்கள். கூரை உயர்த்திக் கட்டிய கூடம், மங்கலான விளக்குகள், துணி விரித்த மேசை, மண்ணால் எழுப்பிய அடுப்பு, அதில் எரியும் சவுக்கு விறகு, அருகே நின்று பணிவிடை செய்யும் இளைஞர்கள் என அந்த இடத்திற்கு ஒரு தனிக் களை உண்டு. விலையும் அதற்கேற்ப உண்டு. அந்த உணவு சுவையானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. மனிதர் சேர்ந்து உண்ணும் இடத்தில் யார் அமர்கிறார், யார் நிற்கிறார், யார் வெளியே இருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க அந்த மேசை எங்களுக்கு ஒரு வாய்ப்பைத் தந்தது. அதையே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் அந்த உணவின் பிறப்பைப் பார்ப்போம். இன்று செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விரும்பும் பீட்சா, நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் உணவு. துறைமுகத்திலும் சந்தையிலும் உழைத்தவர்கள், வீட்டில் சமைக்க அடுப்போ நேரமோ இல்லாத நிலையில், தெருவில் வாங்கி நின்றபடியே உண்டு பசியாறிய ரொட்டி அது. அதன்மேல் பூசப்படும் தக்காளிகூட இத்தாலிக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த விருந்தாளி. நம் குழம்பில் கொதிக்கும் மிளகாயும் அதே கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரின் கப்பலேறி வந்ததுதான். பீட்சாவின்மேல் தூவும் அந்த மணமுள்ள பச்சை இலை, நம் ஊர் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்தது. அதன் விதையைத்தான் கோடையில் சப்ஜா விதை என்று நீரில் ஊறவைத்துப் பருகுகிறோம். நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மானுடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தெருவில் நின்று உண்டவர்களின் ரொட்டிக்கு உலகம் நாற்காலி போட்டுக் கொடுத்தது என்று சொல்லலாம்.

வட இத்தாலியின் ஏழைகளுக்கோ இந்த ரொட்டியும் வாய்க்கவில்லை. அவர்கள் உண்டது பொலெந்தா. கொதிக்கும் நீரில் மக்காச்சோள மாவைக் கொட்டி, நீண்ட மரத்துடுப்பால் கை ஓயக் கிளறி, பலகையில் கவிழ்த்துத் துண்டு போட்டு உண்பது. சுருங்கச் சொன்னால் களி. வேறொன்றும் கிடைக்காமல் அதையே உண்டு வாழ்ந்த உழவர்கள், சத்துக் குறைவால் தோல் வெடித்து, அறிவு கலங்கி, பெலாக்ரா என்னும் நோய்க்கு ஆளாகி மாண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டிலும் அக்கொடுமை அங்கே நீடித்தது. புனித தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா, 1846-ஆம் ஆண்டு தம் சிற்றூர் வீட்டை விட்டுத் தூரின் நகருக்கு வந்து, மகன் திரட்டிய ஆதரவற்ற சிறுவர்களுக்குப் பத்தாண்டுக் காலம் சமைத்துப் போட்டார். அந்தப் பானையில் பெரும்பாலும் கொதித்தது இந்தக் களியும் காய்கறிக் கஞ்சியும்தான். தம் திருமண நாளுக்குரிய ஆடையணிகளையும் அந்தப் பிள்ளைகளுக்காகவும் பீடத்திற்காகவும் அவர் கொடுத்துவிட்டார் என்பது சலேசியக் குடும்பம் போற்றும் நினைவு.

அரிசியும் அங்கு உண்டு. போ நதி பாயும் வட இத்தாலிய சமவெளியில் 15-ஆம் நூற்றாண்டு முதல் நெல் விளைகிறது. அரிசியைக் களையாமல், சிறிது சிறிதாகச் சாறு ஊற்றிக் கிளறி, குழைவாய் ஆக்கும் ரிசோத்தோ என்னும் உணவு நம் பொங்கலுக்குத் தூரத்து உறவு. அந்த வயல்களிலும் முழங்கால் அளவு நீரில் குனிந்து நின்று களை பறித்தவர்கள் பெண்களே. கூலிக்காகத் தொலைவூர்களிலிருந்து வந்தவர்களே. அந்தச் சமவெளியை ஒட்டிய மாந்துவா வட்டாரத்தில் காஸ்திலியோனே என்ற ஊர் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு ஞானப்பிரகாசம் என்று பெயரிடுகிறோமே, அந்தப் புனித ஞானப்பிரகாசியார் 1568-இல் பிறந்தது அவ்வூரில். பட்டத்து உரிமையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு இயேசு சபையில் சேர்ந்து, உரோமையில் கொள்ளைநோய் கண்டவர்களைத் தோளில் சுமந்து, 23 வயதில் உயிர் துறந்தவர் அவர். அதே ஊரில் 1680-இல் பிறந்தவர்தான் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர். நெல் விளையும் மண்ணிலிருந்து நெல் விளையும் மண்ணுக்கு அவர் வந்தார்.

இப்படிப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. இன்று துணி விரித்த மேசைக்கு வரும் பல உணவுகள் ஒரு காலத்தில் எளியவர்களின் கையில் இருந்தவை. நம்மிடமும் அதே கதை நடக்கிறது. கேழ்வரகுக் களியும் கம்மங்கூழும் தினைச் சோறும் இன்று பெருநகர விடுதிகளில் அழகிய கிண்ணங்களில் பரிமாறப்படுகின்றன. ஏழையின் உணவு மேசையேறிவிட்டது, நன்று. ஏழை மேசையேறினாரா என்பதே கேள்வி.

அந்த இத்தாலிய நாட்டிலிருந்து நம் உணவை உண்ண வந்தவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். மொந்தேபுல்ச்சானோ என்னும் ஊரின் உயர்குடியில் தோன்றிய ராபர்ட் தெ நொபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தார். அவர் குடும்பத்தின் ஊர் இன்றும் திராட்சை மதுவுக்குப் பெயர் பெற்றது. அவரோ மதுவையும் இறைச்சியையும் விலக்கி, காவி உடுத்து, நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் கொண்டு வாழ்ந்தார். தத்துவ போதகர் என்று தமிழகம் அவரை அறிந்தது. நற்செய்தி அந்நியருடையது என்று தோன்றக் கூடாதென்று, தம் நாவையே முதலில் தமிழ்ப்படுத்திக்கொண்ட துறவி அவர்.

ஆனால் வரலாறு ஒரு விலையையும் குறித்து வைத்திருக்கிறது. உயர்குலத்தார் தம்மை ஏற்க வேண்டுமானால், மற்றவர்களோடு அவர் அமர்ந்து உண்ணக் கூடாது. தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்ற 1640-ஆம் ஆண்டளவில் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகைத் துறவியர் தேவைப்பட்டனர். ஒரு பந்தியில் அமர மற்றொரு பந்தியிலிருந்து எழ வேண்டியிருந்த நாடு இது. தெ நொபிலியின் முறைகளுக்கு 1623-இல் இசைவு தந்த திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, அந்த ஆணையிலேயே, குலத்தால் உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதுவோர் எளியோரை இகழலாகாது என்றும் வேண்டிக்கொண்டார். இசைவு விரைவாகச் செயலுக்கு வந்தது. வேண்டுகோள் மெதுவாகவே வந்துகொண்டிருக்கிறது.

பின்னர் வந்தவர்கள் தொன் போஸ்கோவின் பிள்ளைகள். 1906-ஆம் ஆண்டு தோமாத்திஸ் அடிகளார் தலைமையில் முதல் சலேசியர்கள் தஞ்சையில் வந்து சேர்ந்தனர். பின்னர் வட ஆர்க்காடு அவர்கள் பணிக்களமானது. 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உருவானபோது திருவண்ணாமலைப் பகுதியும் அதில் அடங்கியது. அக்காலத்தில் இப்பகுதிச் சிற்றூர்களில் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் திரிந்த குருக்களைப் பற்றி, வயதான கத்தோலிக்கர் வீடுகளில் இன்றும் கதைகள் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு.

எங்கள் அம்மா போளூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். இப்போது அவருக்கு வயது 82. ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய தெரு அவருடையது. ஊர்த்தெருவார் எவரும் அந்தத் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அம்மாவுக்குப் பத்து வயதிருக்கும்போது, இத்தாலியிலிருந்து வந்த சாமியார் ஒருவர் பூசை வைக்க வந்த இடத்தில் மழையில் அகப்பட்டு, அவர்கள் குடிசைத் திண்ணையில் ஒதுங்கினார். அன்று வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும்தான் இருந்தன. கொடுக்கலாமா கூடாதா என்று பாட்டி தயங்கி நிற்க, சாமியார் தாமே உள்ளே வந்து தரையில் அமர்ந்து தட்டை வாங்கிக்கொண்டாராம். களியை விழுங்கத் தெரியாமல் மென்று மென்று தின்றதைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். "எங்க அம்மாவும் இதுதான் கிண்டுவாங்க, மஞ்சளா இருக்கும்" என்று அரைகுறைத் தமிழில் அவர் சொன்னது, அம்மாவுக்கு இன்றும் அவர் குரலிலேயே நினைவிருக்கிறது. வெளியாள் ஒருவர் அந்த வீட்டில் கை நனைத்தது அதுவே முதல்முறை.

அதே அம்மா பதினெட்டு வயதில் நடவுக்குப் போய்த் திரும்பும்போது, சாலையோரத் தேநீர்க் கடையில் வெளியே நின்றுதான் தேநீர் வாங்கினார். கூரைச் சரிவில் செருகியிருக்கும் கொட்டாங்குச்சியைத் தாமே எடுத்து நீட்ட வேண்டும். கடைக்காரர் மேலிருந்து ஊற்றுவார். குடித்தபின் கழுவி அதே இடத்தில் செருக வேண்டும். தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவும், கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்ற 15-ஆம் பிரிவும் அரசியலமைப்பில் இடம்பெற்று அப்போது பத்தாண்டுகள் கடந்திருந்தன. இந்திய நாட்டின் அடிப்படைச் சட்டத்தை வகுத்தவர்கள், பேச்சுரிமையைப் போலவே உணவகத்தில் நுழையும் உரிமையையும் எழுதி வைக்க நேர்ந்தது என்றால், பந்தி என்பது நம் நாட்டில் எவ்வளவு பெரிய போர்க்களம் என்று உணரலாம். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி வைத்ததால் எழுந்த கிளர்ச்சி, தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. ஒரு பிடி சோறு எங்கே அமர்ந்து உண்ணப்பட்டது என்பதே அங்கே வழக்கு.

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவை அடுத்த வாரத்தில், பெங்களூரிலிருந்து வந்திருந்த எங்கள் மகன், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள இத்தாலிய உணவகம் ஒன்றுக்கு எங்கள் எல்லாரையும் அழைத்துச் சென்றான். பாட்டியும் வர வேண்டும் என்பது அவன் பிடிவாதம். அம்மா வெள்ளைச் சேலை உடுத்தி, செபமாலையைக் கழுத்தில் அணிந்து, திருவிழாவுக்குப் புறப்படுவதுபோல் புறப்பட்டார். மேசைக்கு வந்ததும் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்தார். தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேரனிடம் மெல்லிய குரலில், "இந்தத் தட்டுல எல்லாருந்தான சாப்புடுவாங்க?" என்று கேட்டார். அவன் தூய்மையைப் பற்றிக் கேட்கிறார் என்று எண்ணி, "நல்லாக் கழுவித்தான் வெப்பாங்க பாட்டி" என்றான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தண்ணீர் ஊற்ற வந்த இளைஞனுக்கு இருபது வயதிருக்கும். செங்கத்துப் பக்கம் தன் ஊர் என்றான். பிறகு பரிவோடு, "ஆயாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டான். அம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பற்றியது. எந்த ஊர் என்ற கேள்வி நம் நாட்டில் தனியே வருவதில்லை. எந்தத் தெரு என்ற கேள்வி அதன் பின்னால் நிற்கும். "போளூர்கிட்ட" என்றார். "அப்படியா? எங்க அத்தையக் குடுத்தது அங்கதான்" என்று சொல்லிவிட்டு, குவளையை நிரப்பி வைத்து அவன் அடுத்த மேசைக்குப் போய்விட்டான். அம்மா அவன் போன திசையையே சற்று நேரம் பார்த்தார். "தெருவக் கேக்கலியே" என்றார். பிறகுதான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார்.

உணவு வந்தது. தக்காளியும் பாலாடைக்கட்டியும் உருகிய ரொட்டியை அம்மா கையால் பிட்டு, ஊத்தப்பத்தை உண்பதுபோல் உண்டார். ரிசோத்தோவை ஒரு வாய் எடுத்து, "குழைஞ்ச சோறு, காய்ச்சக்காரனுக்கு நல்லது" என்றார். "சாமியார் ஊர்க் களி இருக்குதா கேளு" என்று பேரனை ஏவினார். பட்டியலில் அது இல்லை. அந்த இளைஞனும் அப்படியொன்றைக் கேள்விப்பட்டதில்லை. இத்தாலியிலும் களி உண்டு என்பதை அம்மா அவனுக்கு விளக்கிச் சொன்ன காட்சியை, அக்கம்பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவில் அம்மா அவனிடம், "நீ சாப்ட்டியாப்பா?" என்று கேட்டார். "இல்ல ஆயா, எல்லாரும் போனப்புறம் பின்னாடி சாப்புடுவோம். எங்களுக்குச் சோறு தனி" என்றான். அம்மாவின் முகம் மாறியது. "தனியா?" என்றார். அந்த ஒற்றைச் சொல்லில் அறுபது ஆண்டுகள் இருந்தன. அவன் அதை அறியான். பேரன் உடனே, இன்னொரு பீட்சா வாங்கி அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னான். இளைஞன் சிரித்துவிட்டான். "வேணாண்ணா, எங்களுக்கு அது எறங்காது. சோறும் ரசமும் வெச்சிருக்கோம்" என்றான். அம்மாவும் சிரித்து, "இத மொதல்லியே சொல்லியிருந்தா நானும் அதையே கேட்டிருப்பேன்" என்றார். மகன் செலுத்திய தொகை இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அம்மாவிடம் அதை நாங்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்தத் 'தனி'யையும் கொட்டாங்குச்சித் 'தனி'யையும் ஒன்றாக வைத்து எண்ணிவிடக் கூடாது. அந்த இளைஞன் சிரிக்க முடிந்தது; பதினெட்டு வயதில் எங்கள் அம்மாவால் சிரிக்க முடியவில்லை. அவன் நாளை வேறு வேலைக்குப் போகலாம். அவர் எந்த ஊருக்குப் போனாலும் தெரு அவரோடு கூடவே வந்தது. வந்தவர்கள் உண்டபின் பணியாளர் உண்பது எந்த உணவகத்திலும் உள்ள வழக்கமே. எனினும் ஓர் உண்மையை மறைப்பதற்கில்லை. அந்த மேசை எங்கள் அம்மாவின் சாதியைக் கேட்கவில்லை. அதற்காக அதை வாழ்த்துகிறோம். ஆனால் அது பணத்தைக் கேட்டது. பேரனுக்கு வேலை கிடைத்ததால் அம்மாவுக்கு நாற்காலி கிடைத்தது. அவரோடு நடவு நட்ட தோழியர்க்கு அது இன்றும் கிடைக்கவில்லை. ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும் சந்தை, அதே வாசலில் வேறொரு பூட்டையும் தொங்கவிடுகிறது.

இந்தச் சிக்கல் திருச்சபைக்குப் புதிதன்று. ஆண்டவர் நற்கருணையை ஏற்படுத்தியதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்து, கொரிந்து நகரத்துச் சபைக்குத் திருத்தூதர் பவுல் எழுதிய முதல் திருமுகத்தின் பதினொன்றாம் அதிகாரத்தில் உள்ளது. நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது அது. அதை அவர் எந்த இடத்தில் எழுதுகிறார்? பந்திச் சண்டை ஒன்றைத் தீர்க்கும் இடத்தில். வசதி உள்ளவர்கள் முந்தி வந்து தங்கள் உணவை உண்டு குடித்து மயங்க, உழைத்துக் களைத்துப் பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். அதைக் கடிந்துகொள்ளும்போதுதான், ஆண்டவர் அப்பத்தைப் பிட்ட அந்த இரவை அவர் நினைவூட்டுகிறார். ஏழையைக் காக்கவைத்து உண்ட விருந்து ஆண்டவரின் விருந்தே அன்று என்று தீர்த்துச் சொல்கிறார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, சிலர் வந்ததைக் கண்டு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகியபோது, அவரையே முகத்துக்கு நேராகக் கண்டித்தவர் அல்லவா அவர்?

ஆண்டவரோ இன்னும் ஒரு படி மேலே சென்றார். விழித்திருக்கும் பணியாளரைப் பற்றி லூக்கா நற்செய்தியில் அவர் சொன்ன உவமையில், வீட்டுத் தலைவர் திரும்பி வந்து, தம் இடையை வரிந்து கட்டிக்கொண்டு, பணியாளர்களைப் பந்தியில் அமர்த்தித் தாமே பரிமாறுகிறார். நின்றவர் அமர்வதும், அமர்ந்தவர் நிற்பதும்! உலகின் எந்த உணவகத்திலும் காணாத காட்சி இது. ஆனால் ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் நம்புவது இதைத்தான்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு நிழலைக் காணலாம். இரமணர் தம் இலையில் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாக விழுவதையும் ஏற்றதில்லை. எல்லார்க்கும் உண்டா என்று கேட்டபின்னரே எதையும் உண்பார். விடியுமுன் எழுந்து அடுக்களையில் தாமே காய் நறுக்குவார் என்று அவரோடு வாழ்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் ஆசிரமத்தில் நண்பகலுக்கு முன்னர், வாசலில் காத்திருக்கும் எளியவர்களுக்கும் சாதுக்களுக்கும் உணவளிக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. பவுர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கை நீட்டியவர்க்கெல்லாம் உணவு கிடைக்கிறது. பிற சமயத்து அன்பர்கள் செய்யும் நன்மையைக் காணும்போது மகிழ்வது மட்டும் போதாது. நம் வீட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தென் மாவட்டங்களில் திருவிழாவின் நிறைவாக அசனம் என்னும் பொதுவிருந்து நடைபெறும். நம் பகுதியிலும் பங்குத் திருவிழாவில் அன்பின் விருந்து என்று வைக்கிறோம். அங்கே யார் சமைக்கிறார்கள்? யார் கையால் பரிமாறப்படுகிறது? எந்தத் தெருவார் முதல் பந்தி, எந்தத் தெருவார் கடைசிப் பந்தி? எந்தத் தெருவுக்குத் தேர் போகிறது, எதற்குப் போகாமல் திரும்புகிறது? தமிழக ஆயர்களை 2003 நவம்பரில் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாடு நற்செய்திப் பணிக்கே தடை என்று எச்சரித்தார். இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆவணங்கள் நல்லவை. ஆனால் ஆவணம் இலை போடாது. இலை போடுகிறவர்கள் நாம்தாம்.

பணம் கொடுத்தால் தெருவைக் கேட்காமல் உணவு தரும் இடங்கள் நம் ஊரில் பெருகிவிட்டன. பணமும் கேட்காமல், தெருவும் கேட்காமல் உணவு தரும் ஓரிடம் இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்கு எங்கே காட்டப்போகிறோம்? பீடத்தைக் காட்டலாம். அங்கே ஒரே அப்பம், ஒரே கிண்ணம். ஆனால் பீடத்தை விட்டு இறங்கி நூறு அடி நடந்து பந்தலுக்குள் வரும்போது அந்தக் காட்சி மாறிவிட்டால், பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. இவ்வாண்டுத் திருவிழாவில் பங்குப் பேரவையினரும் ஊர்ப் பெரியவர்களும் முதல் பந்தியில் அமராமல் பரிமாற நிற்கட்டும். கடைசித் தெருவின் வீட்டு அடுப்பில் வெந்த ஏதேனும் ஒன்று எல்லார் இலையிலும் விழட்டும். களியாயிருந்தாலும் குறைவில்லை. மழைக்கு ஒதுங்கிய ஓர் இத்தாலியர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் செய்த அதைச் செய்ய, இந்த மண்ணிலேயே பிறந்த நமக்கு மொழியும் தடையில்லை, வழியும் தொலைவில்லை.